வானுக்கும் வரலாறு உண்டு: முதிய விண்மீன்களின் இறுதி வெடிப்பும் அவதானிப்பின் சமூக அடிப்படையும்

1

மண்ணுலகு மாறும், விண்ணுலகு மாறாது என்னும் கருத்து மனித சிந்தனை வரலாற்றில் மிக நீண்ட காலம் ஆட்சி செலுத்திய கருத்துகளுள் ஒன்றாகும். அரிஸ்டாட்டில் விண்பொருள்களை அழிவற்ற ஐந்தாம் பூதத்தால் ஆனவையாகக் கொண்டார். பிற்கால ஐரோப்பிய நிலவுடைமைச் சமுதாயம் அக்கொள்கையைத் தன் சமய அமைப்போடு இணைத்துப் பேணியது. மேலே மாறா ஒழுங்கு நிலவுமாயின் கீழேயும் அவ்வொழுங்கே இயல்பானது என வாதிடுவது எளிதாயிற்று.

1755 இல் கான்ற் எழுதிய அண்டத் தோற்றம் பற்றிய நூல் இக்கருத்தில் முதல் உடைப்பை ஏற்படுத்தியது என்பதை ஏங்கெல்ஸ் 'இயற்கையின் இயங்கியல்' என்னும் நூலில் அழுத்திக் கூறியுள்ளார். சூரியனும் கோள்களும் ஒரு காலத்தில் தோன்றியவை எனின், இயற்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆயினும் அவ்வரலாறு ஊகித்து அறியப்பட்டதே அன்றிக் கண்டறியப்பட்டதன்று. விண்மீன்களின் வாழ்நாள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக விரிவது. காட்டினுள் ஒரு நாள் மட்டும் நின்ற ஒருவன் கன்றையும் மரத்தையும் பட்ட மரத்தையும் ஒருங்கே கண்டு ஒரு மரத்தின் வாழ்வை ஊகிப்பது போல, வானியலாளர் பல விண்மீன்களைப் பல பருவங்களிற் கண்டு ஒரு விண்மீனின் வரலாற்றைத் தொகுத்தனர். தனியொரு விண்மீன் ஒரு பருவத்திலிருந்து மற்றொரு பருவத்துக்குச் செல்வதை ஒரு மனித ஆயுட் காலத்துக்குள் காணும் வாய்ப்பு மிக அரிது.

அத்தகைய அரிய வாய்ப்பு இருபதாம் நூற்றாண்டில் மூன்று முறை கிட்டியது. முதலாவது நிகழ்ச்சியின் பொருள் விளங்க அரை நூற்றாண்டு சென்றது. மூன்றாவதன் பொருளோ சில வாரங்களில் விளங்கிற்று. மூன்று விண்மீன்களும் ஏறத்தாழ ஒரே இயல்பின. அவ்வாறாயின் இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும். இலக்கிய வரலாற்றைத் துறையாகக் கொண்ட நாம் வானியலைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் சான்று எவ்வாறு சான்றாகின்றது என்பது எல்லா வரலாற்று மாணவருக்கும் பொதுவான பிரச்சினை.

2

முதலில் நிகழ்ச்சியின் தன்மையைச் சுருக்கமாக விளக்குதல் வேண்டும். சூரியனைப் போன்ற, அல்லது அதனிலும் சில மடங்கே பொருண்மை மிக்க விண்மீன் தன் மையத்திலுள்ள ஐதரசனை எரித்து ஈலியமாக்குகின்றது. பின்னர் ஈலியம் எரிந்து காபனும் ஒட்சிசனும் உண்டாகின்றன. இப்பருவத்தில் விண்மீன் பெரிதும் விரிந்து செந்நிறப் பூதமாகின்றது. தன் வெளிப்படைகளை விண்வெளியில் உதிர்க்கின்றது. உதிர்ந்த வளிமம் சிறிது காலம் ஒளிரும் கோளமாகத் தோன்றும். அதனைக் கோளுரு நெபுலா என்பர். நடுவே எஞ்சுவது பூமியளவினதாகிய, மிக அடர்ந்த ஒரு கரு. அது எரிபொருள் தீர்ந்து, வெண்குறு விண்மீனாகக் குளிர்ந்து மங்கும்.

பெரும்பான்மையான விண்மீன்களின் கதை அவ்வாறே முடிகின்றது. ஆனால் சிலவற்றில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினவற்றில் எனக் கணிப்புகள் கூறுகின்றன, கருவைச் சூழ்ந்து எஞ்சியிருக்கும் மெல்லிய ஈலியப் படை பத்துக் கோடிப் பாகையளவான வெப்பநிலையை எட்டி மீண்டும் தீப்பற்றுகின்றது. ஐதரசன் எரிதல் ஓய்ந்த பின்னர் இது நிகழுமாயின், உள்ளே எழும் கொதிப்பு மேலே எஞ்சியுள்ள ஐதரசனையும் கீழே இழுத்து எரித்துவிடும். அவ்வாற்றலால் விண்மீனின் மேற்படை ஊதிப் பெருக்க, மங்கிக்கொண்டிருந்த கரு சில ஆண்டுகளுக்கு மீண்டும் பூதமாகின்றது. ஐதரசன் குறைந்து காபன் மிகுந்ததாக அதன் மேற்பரப்பு மாறுகின்றது. பின்னர் அது காபன் தூசியைக் கக்கித் தன்னைத்தானே மறைத்துக்கொள்கின்றது.

இந்நிகழ்ச்சிக்கு உட்படும் விண்மீன்கள் குறைவானவை அல்ல. அது நீடிக்கும் காலமே மிகக் குறுகியது. ஆகவே அதனைக் காண்பதற்கு வேண்டுவது பெரிய தொலைகாட்டி மட்டுமன்று. இடையறாத காவலும் அக்காவலின் பதிவுகளும் வேண்டும்.

3

1920 இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் மாக்ஸ் வொல்ஃப் கழுகு மண்டலத்தில் ஒரு புதிய விண்மீனைக் கண்டறிந்தார். திடீரென ஒளிபெறும் விண்மீன் எதுவும் அக்காலத்தில் 'நோவா' என்றே வகுக்கப்பட்டது. இதுவும் கழுகு மண்டலத்தின் நான்காம் நோவா எனப் பெயர் பெற்றது. இன்று வழங்கும் பெயர் வி 605 அக்கிலே.

ஆயின் அது எப்போது ஒளிபெறத் தொடங்கியது? இதற்கு விடையளித்தவை அமெரிக்காவின் ஹாவார்ட் ஆய்வகத்துக் கண்ணாடி ஒளிப்படத் தட்டுகள். அத்தட்டுகளை ஆராய்ந்தவர் ஐடா வூட்ஸ் என்னும் பெண்மணி. 1918 இல் விண்மீன் எழத் தொடங்கி, 1919 இல் ஏறத்தாழ 10 ஆம் ஒளிப்பருமனை எட்டியது என்பது அவரது ஆய்வினால் தெரியவந்தது. வெறுங்கண் காணக்கூடிய எல்லை ஏறத்தாழ 6 ஆம் பருமன். எண் பெருகப் பெருக ஒளி குறையும். எனவே உச்சநிலையிலும் அவ்விண்மீன் வெறுங்கண்ணுக்குத் தென்பட்டதன்று.

ஹாவார்ட்டில் தட்டுகளை ஆராய்ந்த பெண்கள் 'கணிப்பாளர்' எனப்பட்டனர். தொடக்க காலத்தில் அவர்களுட் பலருக்குக் கிடைத்த கூலி மணிக்கு 25 சதம் அளவினது. தொலைகாட்டியில் அமர்ந்து நோக்கும் பணி பெரும்பாலும் ஆண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தட்டிலுள்ள பல்லாயிரம் புள்ளிகளை உருப்பெருக்கியினூடே ஒப்பிடும் பணி குறைந்த கூலிக்குப் பெண்களுக்கு அளிக்கப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அத்தட்டுத் தொகுதி இத்தகைய உழைப்பாலேயே வானத்தின் நினைவுக் களஞ்சியமாயிற்று. கண்டுபிடித்தவர் பெயர் வரலாற்றில் நிற்க, கண்டுபிடிப்புக்குக் காலம் வகுத்தவர் பெயர் அடிக்குறிப்பில் ஒடுங்குவது அறிவுத்துறை அறியாத செய்தியன்று.

1921 இல் லிக் ஆய்வகத்தில் சுவீடன் நாட்டவரான நுட் லுண்ட்மார்க் இவ்விண்மீனின் நிறமாலையைப் பதிவு செய்தார். அது நோவாவின் நிறமாலையை ஒத்திருக்கவில்லை. காபன் மிகுந்த குளிர்ந்த விண்மீனின் நிறமாலையை ஒத்திருந்தது. முரண்பாடு வெளிப்படையானது. எனினும் அம்முரண்பாட்டுக்கு இடமளிக்கும் கருத்தமைப்பு அன்று இல்லை. விண்மீன் மங்கி மறைந்தது, பதிவும் மறக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்திலேயே, பழைய கோளுரு நெபுலா ஒன்றின் நடுவில் அது அமைந்திருப்பது கவனத்துக்கு வந்தது. வில்லியம் பிடெல்மன் பழைய நிறமாலைப் பதிவை மீள நோக்கி, அது ஐதரசன் குன்றிய காபன் விண்மீனுக்குரியது எனக் காட்டினார்.

தரவுகள் யாவும் 1921 அளவில் கைவசம் இருந்தன. இல்லாதது வினா ஒன்றே. 'உண்மைகள் தாமே பேசும்' என்று கருதுவோர் இவ்வைம்பது ஆண்டு மௌனத்துக்கு விளக்கம் கூறக் கடமைப்பட்டவர். ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்க்கு இந்நிலைமை புதிதன்று. உரிய வினா எழும்வரை சுவடி கட்டுக்குள் ஊமையாகவே கிடக்கும்.

4

இரண்டாவது விண்மீன் அம்பு மண்டலத்திலுள்ள எஃப்ஜி சஜிட்டே. ஜேர்மனியின் சொன்னபேர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கூனோ ஹொஃப்மைஸ்டர் 1943 இல், போரின் நடுவே, இதனை ஒளிமாறும் விண்மீனாக இனங்கண்டார். இதன் ஒளிமாற்றம் திடீர் வெடிப்பாக அமையவில்லை. பழைய தட்டுகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டபோது, 1894 இல் ஏறத்தாழ 13.6 ஆம் பருமனில் இருந்த விண்மீன் 1960களின் நடுப்பகுதியில் 9.6 ஆம் பருமனளவுக்கு உயர்ந்திருந்தமை தெரிந்தது. எழுபது ஆண்டு நீண்ட எழுச்சி அது. எந்தத் தனி அவதானிப்பாளரும் தம் வாழ்நாளில் இதனைத் தனித்து முழுமையாகக் கண்டிருத்தல் இயலாது. ஒருவர் எடுத்த தட்டைப் பின்வந்த தலைமுறையினர் வாசித்தமையாலேயே அவ்வெழுச்சி ஒரு நிகழ்ச்சியாயிற்று.

1955 இல் இவ்விண்மீன் வெப்பமிகு நீலவெள்ளை விண்மீனாக இருந்தது. பின்னர் ஆண்டுக்கு ஏறத்தாழ 250 பாகை வீதம் குளிர்ந்து, வெண்மையும் மஞ்சளும் ஆயிற்று. அதனைச் சூழ்ந்திருந்த மங்கலான நெபுலாவைக் கார்ல் ஹெனைஸ் 1961 இல் அறிவித்தார். 1968 இல் வெளிவந்த ஆய்வொன்று இதன் மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தது. அவ்வாய்வின் ஆசிரியர் இருவர்: ஒருவர் அமெரிக்கரான ஜோர்ஜ் ஹேர்பிக், மற்றவர் சோவியத் வானியலாளர் அலெக்சாந்தர் பொயார்ச்சுக். வியற்நாமில் போர் உச்சநிலையடைந்த அவ்வாண்டில், எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த இருவர் ஒரே விண்மீனைப் பற்றி ஒரே கட்டுரையை எழுதினர் என்பது அறிவின் சமூக இயல்பைச் சிந்திப்போர் கருத்திற் கொள்ளத்தக்கது.

1974 இல் லிக் ஆய்வகத்தைச் சேர்ந்தோர் இதனினும் வியப்பான செய்தியொன்றை வெளியிட்டனர். 1967 இன் பின் சில ஆண்டுகளுக்குள், விண்மீனின் மேற்பரப்பில் முன்பு இத்துணை மிகுந்து காணப்படாத அரிய பாரமான தனிமங்கள் தோன்றியிருந்தன. விண்மீன்களின் உள்ளே தனிமங்கள் ஆக்கப்படுகின்றன என்னும் கொள்கைக்கு இது நேர்ச்சான்றாயிற்று. 1992 இல் தூசி மூடி இவ்விண்மீன் திடீரென மங்கிற்று.

இதே காலத்தில் கொள்கைத் துறையும் நகர்ந்தது. 1965 இல் மார்ட்டின் சுவார்ஷில்ட், ரிச்சார்ட் ஹார்ம் ஆகியோர் மின்னணுக் கணிப்பொறியின் துணையுடன், முதிய விண்மீனின் ஈலியப் படை சீராக எரியாது, துடிப்புத் துடிப்பாகப் பற்றி எரியும் எனக் கண்டனர். போர்க்கருவிக் கணிப்புகளுக்காக வளர்க்கப்பட்ட பொறிவகை, விண்மீனின் முதுமையை விளக்கவும் பயன்பட்டது. 1979 இல் செனபேர்னரும், 1983 இல் ஐபனும் அவர்தம் கூட்டாளிகளும், கோளுரு நெபுலாவின் நடுவிலுள்ள கருவிலும் இத்துடிப்பு இறுதியாக ஒருமுறை நிகழக்கூடும் எனக் காட்டினர். 'மீளப் பிறந்த' பூதம் என்ற பெயர் இவ்விண்மீன்களுக்கு வழங்கலாயிற்று.

இப்பெயரைப் பற்றி ஒரு சொல். 'மீளப் பிறத்தல்' அமெரிக்கச் சமய வழக்கில் நன்கு பழகிய தொடர். மொழி எதுவும் வெறுமையாக வருவதில்லை. தான் பிறந்த சூழலின் மணத்தையும் கொண்டே வரும். உண்மையில் இவ்விண்மீன்கள் மீளப் பிறப்பதில்லை. எஞ்சியிருந்த எரிபொருளை ஒரே மூச்சிற் செலவழித்து, முன்னிலும் வறியனவாகி, முன்பு சென்ற வழியிலேயே மீண்டும் செல்கின்றன. மீட்சி எனத் தோன்றுவது சேமிப்பின் இறுதிச் செலவே.

5

மூன்றாவது விண்மீன் தனுசு மண்டலத்தில் தோன்றியது. 1996 பெப்ரவரி 20 ஆம் நாள் யப்பானைச் சேர்ந்த யுக்கியோ சகுராய், தொழில்சாரா வானியலாளர், ஏறத்தாழ 11 ஆம் பருமனுடைய ஒரு புதிய விண்மீனைக் கண்டறிந்தார். தொடக்கத்தில் இதுவும் நோவாவாகவே கருதப்பட்டது. ஆனால் இம்முறை ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஹில்மார் டூயர்பெக், ஸ்டெஃபானோ பெனெட்டி முதலியோர் சிலி நாட்டில் அமைந்த ஐரோப்பிய தென்வான் ஆய்வகத்தின் தொலைகாட்டிகளைக் கொண்டு நோக்கி, விண்மீனைச் சுற்றிப் பழைய கோளுரு நெபுலாவொன்று மங்கலாக இருப்பதைக் கண்டனர். சில வாரங்களில் ஐயம் திசைமாறிற்று. அதே ஆண்டில் இறுதி ஈலிய வெடிப்பு என்னும் விளக்கம் அச்சேறியது. 'சகுராய் பொருள்' என்னும் பெயர் நிலைபெற்றது.

பழைய பதிவுகள் மீண்டும் திறக்கப்பட்டன. 1976 இல் எடுக்கப்பட்ட வானளவைத் தட்டில் அதே இடத்தில் 21 ஆம் பருமனளவான ஒரு மங்கற்புள்ளி இருந்தது. எனின் கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு உயர்வு நிகழ்ந்துள்ளது. யப்பானியத் தொழில்சாரா அவதானிப்பாளர் முன்னரே எடுத்திருந்த படங்களில், 1994–95 இலேயே அது எழத் தொடங்கியிருந்தமை தெரிந்தது. விண்மீன் படத்தில் இருந்தது, பார்க்கப்படவில்லை. ஐடா வூட்ஸ் செய்த பணியை இம்முறை பலர் பகிர்ந்து செய்தனர்.

அதன்பின் நிகழ்ந்தது வானியல் வரலாற்றில் முன்மாதிரியற்ற விரைவு. 1996 இன் சில மாதங்களுக்குள்ளேயே மேற்பரப்பில் ஐதரசன் குறைவதும், இலிதியமும் அரிய தனிமங்கள் சிலவும் மிகுவதும் அளவிடப்பட்டன. அவ்வளவீட்டின் முதல் அறிக்கை சுவீடனைச் சேர்ந்த அஸ்ப்லுண்ட், குஸ்டாஃப்சன், அமெரிக்காவில் பணியாற்றிய லம்பேர்ட், பெங்களூர் இந்திய வான்பௌதிக நிறுவனத்தின் காமேசுவர ராவ் ஆகியோர் பெயரால் 1997 இல் வெளிவந்தது. விண்மீன் இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 7,500 பாகையிலிருந்து 6,000 பாகையளவுக்குக் குளிர்ந்தது. 1998–99 இல் காபன் தூசி அதனை முற்றாக மூடிற்று. பின்னர் அதனைச் செங்கீழ்க் கதிர்களாலும் வானொலி அலைகளாலுமே தொடர முடிந்தது.

இவ்விடத்தில் கொள்கையும் தப்பவில்லை. முந்தைய கணிப்புகள் பல, கரு மீண்டும் பூதமாவதற்குப் பத்தாண்டுகளையோ நூற்றாண்டுகளையோ வகுத்திருந்தன. விண்மீனோ அக்கணிப்பைக் காத்திருக்கவில்லை. சில ஆண்டுகளில் அதனைச் செய்து முடித்தது. 2001 இல் ஃபால்க் ஹேர்விக், ஐதரசன் உள்ளே கலக்கும் வேகம் முன்பு கருதப்பட்டதினும் ஏறத்தாழ நூறு மடங்கு குறைவு எனக் கொண்டால் இவ்விரைவை விளக்கலாம் என்றார். மெதுவாகக் கலத்தலால் எரிதல் மேற்பரப்பை அணுகி நிகழ, விரிவும் விரைவாகும். 2005 இல் வானொலி அவதானிப்பைக் கொண்டு விண்மீன் ஏற்கெனவே மீண்டும் வெப்பமடைகின்றது என ஓர் ஆய்வு அறிவித்தது. 2007 இல் வேறோர் ஆய்வு, அக்கதிர்ப்பின் பெரும்பகுதி ஓர் அதிர்ச்சி அலையின் விளைவு எனத் திருத்தம் கூறியது. கொள்கை அவதானிப்பைச் சாத்தியமாக்கிற்று. அவதானிப்பு கொள்கையைத் திருத்திற்று. திருத்தமும் மறுபடி திருத்தப்பட்டது.

இப்புதிய அறிவு 1919 க்கும் ஒளி பாய்ச்சியது. 2006 இல் கிளேற்றனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வின்படி, வி 605 அக்கிலே 1921 இல் ஏறத்தாழ 5,000 பாகையாக இருந்து, எண்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 95,000 பாகை வெப்பநிலைக்கு உயர்ந்துள்ளது. எனவே சகுராய் பொருள் செல்லவிருக்கும் வழியை வி 605 அக்கிலே முன்னரே நடந்து காட்டியுள்ளது எனலாம். கடந்ததன் பொருளை நிகழ்கால நிகழ்ச்சி திறந்தது. நிகழ்காலத்தின் எதிர்காலத்தைக் கடந்தது சுட்டியது.

6

இங்கு முறையியல் எச்சரிக்கை ஒன்று அவசியமாகின்றது. நீண்ட அமைதியின் பின் திடீர்ப் பாய்ச்சல் என்னும் இந்நிகழ்ச்சி, அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்னும் இயங்கியல் விதிக்குத் தக்க உதாரணமென எடுத்துக்காட்டிவிட்டு அமைந்துவிடும் சபலம் நம்மனோர்க்கு எழக்கூடும். அதனை நாம் தவிர்த்தல் நன்று. விதியை முன்வைத்து இயற்கையை அதற்கிசைய வளைத்தவர் உயிரியலுக்கு இழைத்த கேட்டை லைசென்கோவின் வரலாறு காட்டும். ஈலியம் பற்றுவது வெப்பநிலை, அடர்த்தி, கலத்தல் ஆகியவற்றின் குறிப்பான உறவுகளால், சூத்திரத்தினால் அன்று. ஹேர்விக் நூறு மடங்கு என்னும் எண்ணைக் கணிப்பினால் அடைந்தார், மேற்கோளினால் அன்று.

இயங்கியல் நோக்கு இங்கு பயன்படும் இடம் வேறு. அது அவதானிப்பு என்னும் செயலையே வரலாற்றுக்கு உட்பட்ட சமூக உழைப்பாகக் காண உதவுகின்றது. மூன்று விண்மீன்களுக்கும் நேர்ந்த மூன்றுவிதக் கதியை ஒப்பிட்டால் இது தெளிவாகும். முதலாவதில் பதிவு இருந்தது, கருத்து இல்லை. இரண்டாவதில் பதிவும் கருத்தும் ஒன்றையொன்று நோக்கி வளர்ந்தன. மூன்றாவதில் கருத்து முன்னரே ஆயத்தமாக இருந்தது. எனவே யப்பானில் ஒருவர் கண்ட புள்ளி சிலியிலும் சுவீடனிலும் பெங்களூரிலும் உடனடியாகப் பொருள் பெற்றது. சகுராயின் விழிப்பை இது எவ்வகையிலும் குறைக்காது. அவரது விழிப்பு வீண் போகாதபடி செய்தது எது என்பதையே சுட்டுகின்றது.

7

தொகுத்து நோக்குமிடத்து, அரிய நிகழ்ச்சி ஒன்று அறியப்படுவதற்கு மூன்று வேண்டும்: இடையறாத காவல், பேணப்பட்ட பதிவு, ஆயத்தமான வினா. இவற்றுள் முதலிரண்டும் பகட்டற்றவை. அதனாலேயே செலவைக் குறைக்க முற்படுவோர் கண்ணில் முதலில் படுபவை. 1950களில் ஹாவார்ட் ஆய்வகம் சிக்கனம் கருதித் தன் தட்டுப்பதிவை நிறுத்தியது. அதனால் அத்தொகுதியில் ஏறத்தாழ பதினைந்து ஆண்டு இடைவெளி நிரந்தரமாக விழுந்துவிட்டது. அன்றைய நிர்வாகியின் பெயரால் அது இன்றும் 'மென்செல் இடைவெளி' எனப்படுகின்றது. எஃப்ஜி சஜிட்டேயைத் தந்த சொன்னபேர்க் ஆய்வகமும், மூன்று இலட்சமளவான தட்டுகளைக் கொண்டிருந்தும், ஜேர்மனி இணைந்த பின்னர் 1990களில் மூடப்படும் நிலையை எதிர்நோக்கிற்று. சகுராய் தம் விண்மீனைக் கண்ட அதே பத்தாண்டு அது.

இன்று தானியங்கித் தொலைகாட்டிகள் வானத்தை இரவுதோறும் துருவுகின்றன. சிலியின் வேரா ரூபின் ஆய்வகம் 2025 இல் தன் முதற் படங்களை வெளியிட்டது. அடுத்த வெடிப்பு அதன் உச்சத்தில் அன்றி அதன் முதல் நாளிலேயே பிடிபடக்கூடும். ஆயினும் பொறி பதிவதை மனிதர் பேணாவிடின், பேணியதை வினவாவிடின், 1919 மீண்டும் நிகழும். அடுத்த விண்மீன் எப்போது எரியும் என்பது நம் கையில் இல்லை. அது எரியும்போது முந்தைய தட்டு உடையாது இருக்குமா, அதனை எடுத்துப் பார்க்க ஒருவருக்குக் கூலி இருக்குமா என்பவை நம் கையில் உள்ளன. அவை வானியல் வினாக்கள் அல்ல, சமூக வினாக்கள்.